மோட்டாருக்கு ஒண்ணுக்கு வரலை

திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊர். அங்கே மோட்டார் படகு வைத்திருந்தவர் ஷஹீனாவின் மாமா மன்சூர் அலி ஒருவர்தான். கண்மாய் நிரம்பினால் அதில் போய் மீன் பிடிப்பார். போன கார்த்திகையில் ஓடை பெருகிப் பாலம் மூழ்கியபோது, பிள்ளைகள் பத்து நாள் அந்தப் படகில்தான் பள்ளிக்கூடம் போனார்கள்.

இப்போது பங்குனி. கண்மாயில் முழங்கால் அளவு சேறுதான் மிச்சம். இனி ஐப்பசி மழை வரும்வரை படகுக்கு வேலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டிராக்டரில் படகு ஷஹீனா வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மாமா மோட்டாரைக் கழற்றி, தண்ணீர் நிறைந்த டிரம்மின் விளிம்பில் மாட்டினார்.

ஷஹீனாவின் அம்மா ரஹ்மத் நிஷா வாசலில் நின்று முறைத்தாள். "நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி. இந்த மோட்டாரக் குளிப்பாட்டத்தானா புடிச்சு வச்சேன்?"

"உள்ள சேறு இருக்குக்கா. அப்படியே கட்டி வச்சா அடுத்த மழைக்கு எந்திரிக்காது" என்றார் மாமா.

அவர் கயிற்றை இழுத்தார். மோட்டார் உறுமியது. தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று கை தட்டினார்கள்.

ஷஹீனா மட்டும் மோட்டாரின் பக்கவாட்டில் இருந்த சின்னத் துளையையே பார்த்தாள். ஓடும்போது அதிலிருந்து நூல் போலத் தண்ணீர் பீய்ச்சும். படகில் போன நாட்களில் அதில் கை நீட்டி விளையாடியிருக்கிறாள். இன்று ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

"மாமா, மோட்டாருக்கு ஒண்ணுக்கு வரலை."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ" என்றான் பக்கத்து வீட்டு அசோக்.

மோட்டார் சத்தத்தில் மாமாவுக்கு எதுவும் கேட்கவில்லை. ஷஹீனா ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தண்ணி வரலை மாமா. நிறுத்துங்க."

மாமா துளையைப் பார்த்தார். சட்டென்று மோட்டாரை நிறுத்தினார். மேல்மூடியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"உள்ள தண்ணி சுத்தி வந்தாத்தான் இதுக்குச் சூடு ஆறும். இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா எரிஞ்சு போயிருக்கும்."

பிள்ளைகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

மோட்டார் ஆறியதும் மாமா துளைக்குள் ஈர்க்குச்சியை விட்டார். அது ஒடிந்தது. ஷஹீனா தன் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். பொறுமையாகக் குடைந்தாள். காய்ந்த சேறு துண்டு துண்டாக உதிர்ந்தது.

"இப்ப நீயே இழு" என்று மாமா கயிற்றை அவளிடம் கொடுத்தார்.

முதல் தடவை மோட்டார் இருமியது. இரண்டாம் தடவை ஷஹீனாதான் பின்னால் விழப்போனாள். மூன்றாம் தடவை அது உறுமிக்கொண்டு எழுந்தது. துளையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் நேராக அசோக்கின் முகத்தில் அடித்தது.

முறைத்துக்கொண்டிருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

பிறகு மாமா பெட்ரோலை வடித்தார். மோட்டாருக்கு எண்ணெய் தடவி, பழைய போர்வையால் சுற்றி வைத்தார். எல்லோரும் சேர்ந்து படகைத் தூக்கி, வேப்பமரத்தடியில் அடுக்கிய கற்கள்மேல் கவிழ்த்தார்கள்.

மறுநாளே அதன் அடியில் ஐந்து பிள்ளைகளும் ஓர் ஆட்டுக்குட்டியும் குடிவந்துவிட்டார்கள்.