கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார்

"கொஞ்சம் நகர்றீங்களா? சரியா அவர் முகத்தை மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

அவன் திரும்பினான். மழையில் நனைந்த தலை... ஹார்லெம் நகரத்து வானத்தைப் போலவே சாம்பல் நிறக் கண்கள். எதற்கும் அவசரப்படாத கண்கள்.

"மன்னிச்சுக்குங்க. இவர் என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு."

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். நான் வேலை செய்யும்போது பேசறதில்லை."

சுருக்கென்று சொல்லிவிட்டோமே என்று பிறகுதான் லீஸ்பெத்துக்கு உறைத்தது. அவன் கோபப்படவில்லை. எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

முந்நூறு வருடங்களுக்கும் மேலாக இப்படியே பார்த்துக்கொண்டிருக்கும் கிழவர் அவர். கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டை, நாற்காலியின் கைப்பிடியில் தளர்ந்து கிடக்கும் விரல்கள். பழைய மேதை ஒருவர் தீட்டிய அந்த ஓவியத்தை நகலெடுக்க, அருங்காட்சியகம் அவளுக்கு அனுமதி தந்திருந்தது.

அடுத்த செவ்வாயும் அவன் வந்தான். அவள் கை துடைக்கும் வரை பொறுத்திருந்து கேட்டான்.

"இப்போ பேசலாமா? பிரஷ் கீழே இருக்கு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கேளுங்க."

"ஏன் அவரைச் சின்னதா வரையறீங்க?"

"அதே அளவுல நகல் எடுக்கக் கூடாது. விதி."

"பாவம்... இந்த வயசுல இளைக்க வெச்சுட்டீங்க."

அவன் பெயர் டீடரிக். படகுகள் வரும்போது ஆற்றுப் பாலத்தைத் தூக்கிவிடுவது வேலை. "மத்தவங்க கடந்து போற வரைக்கும் காத்திருக்கத்தான் எனக்குச் சம்பளம்," என்றான்.

பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அவன் அங்கே இருந்தான். பெரும்பாலும் மௌனம்தான். கண்ணாடிக் கூரையில் மழை விழும் சத்தம், தூரிகை உரசும் சத்தம்... அவ்வளவுதான். ஆனால் அவன் இல்லாத நாட்களின் மௌனம் வேறு மாதிரி இருந்தது. அது அவளைச் சோர்வடையச் செய்தது.

கிழவரின் இடது கண் மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. வரைந்தாள், சுரண்டினாள், மறுபடி வரைந்தாள். எதையோ சொல்ல நினைத்து, சொல்லாமலே விட்டுவிட்ட ஒருவரின் கண் அது. இவ்வளவு காலம் கழிந்தும் அந்தச் சொல் அங்கேயே தங்கியிருக்கிறது... எனக்கும் அப்படி ஆகிவிடுமோ? பேசமாட்டேன் என்று அறிவித்தவள் நான். நானே எப்படித் தொடங்குவது? அவன்தான் சொல்லட்டுமே.

அவன் சொல்லவில்லை. அனுமதியின் கடைசி நாள் வந்தது. அன்றுதான் அவளுக்குப் பிறந்தநாளும். மறுநாள் சொந்த ஊரான க்ரோனிங்கனுக்குத் திரும்ப வேண்டும். படத்தைக் காரில் ஏற்றிப்போக அண்ணன் யோஸ்ட் வந்திருந்தான். அவளே சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் கேக்கைக் கீழ்த்தளத்துக் காப்பிக்கடையில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். யோஸ்ட் அவள் கன்னங்களில் முத்தமிட்டுத் தோளை அணைத்துக்கொண்ட நேரம்... வாசலில் டீடரிக்.

அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் மரியாதை தவறவில்லை. பிறந்தநாள் என்றால் உடன் இருக்கும் உறவுக்காரருக்கும், என்ன உறவென்று சொல்லியே வாழ்த்துவது அந்த நாட்டு வழக்கம். யோஸ்ட்டுக்குக் கை நீட்டினான்.

"உங்க மனைவியோட பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்."

யோஸ்ட் கேக்கை நிதானமாக மென்று விழுங்கினான். "தங்கச்சிங்க. இவளைக் கட்டி மேய்க்கிற அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். டீடரிக்கின் காது சிவந்தது. ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தான். யோஸ்ட் பிடித்த கையை விடவில்லை.

"நில்லுங்க. நீங்க வாழ்த்திட்டீங்க, பதிலுக்கு நானும் வாழ்த்தணும்ல? உங்களுக்கு இவ என்ன வேணும்? அதைச் சொன்னாத்தானே சொல்ல முடியும்."

டீடரிக் யோஸ்ட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

"முதல் நாள் மட்டும்தான் அந்தப் பெரியவரைப் பாக்க வந்தேன்," என்றான் மெல்ல. "அதுக்கப்புறம் வந்ததெல்லாம்... உங்களைப் பாக்கத்தான். இதுக்கு என்ன உறவுன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

இப்போதும் பேசாமல் இருந்தால்... லீஸ்பெத் யோஸ்ட் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, 'உங்க காதலியோட பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்'னு சொல்லு," என்றாள். "ஏத்துக்கிறதும் ஏத்துக்காததும் அவர் இஷ்டம்."

யோஸ்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, கை குலுக்கி, அப்படியே சொன்னான்.

டீடரிக் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நன்றி," என்றான்.