பாழியூர் மன்னர் மறைந்த மாலை

வெள்ளாற்றின் வடகரையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கீழ்வானில் எழுந்த முழுமதி, மருத மரங்களின் கிளைகளுக்கிடையே எட்டிப் பார்த்து, ஓடும் நீரில் வெள்ளியை உருக்கி ஊற்றினாற்போல் நிலவைப் பரப்பியது. வடகரை நெடுகிலும் முல்லைநாட்டுப் படையின் கூடாரங்கள். எதிர்க்கரையில் கருநிழலாகப் பாழியூர்க் கோட்டையின் மதில். பத்து ஆண்டுகளாக இவ்விரு கரைகளுக்கும் இடையே நீரோடு குருதியும் கலந்து ஓடியிருந்தது. ஆயினும் அன்பார்ந்த வாசகர்களே, அந்த மாலையில் ஆறு ஒரு பாவமும் அறியாததுபோல் அமைதியாகவே சென்றுகொண்டிருந்தது.

அரசி பூதிநங்கையின் கூடாரத்தில் யாழாசிரியர் விடங்கர் செவ்வழிப் பண்ணை மீட்டிக்கொண்டிருந்தார். இவரைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். விரல்கள் யாழில் இருந்தாலும் இவருடைய செவிகள் எந்நேரமும் படைத்தலைவர்களின் பேச்சிலேயே இருந்தன. ஆம், இவர் பாழியூர் மன்னர் கண்டீரரின் ஒற்றர்! "என் உடலில் உயிருள்ளவரை நீ வடகரையை விட்டு அகலக்கூடாது" என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன் மன்னர் இவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அப்போது இவருடைய மனைவி கருவுற்றிருந்தாள். பிறந்தது பெண் என்று ஒரு வணிகன் சொல்லித் தெரிந்ததேயன்றி, அந்தக் குழந்தையின் முகத்தை இவர் இன்றுவரை கண்டதில்லை.

திடீரெனத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு படைத்தலைவர் சேந்தனார் உள்ளே வந்தார்.

"தேவி! கண்டீரர் இறந்துவிட்டார்! விஷக் காய்ச்சலாம். கோட்டையில் சாப்பறை முழங்குகிறது!"

விடங்கரின் விரல் நரம்பிலேயே நின்றது. தமக்குச் சோறிட்டு வளர்த்த மன்னர் அவர். நெஞ்சு வெடித்து அழுகை பீறிடும் என்று அஞ்சி உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆனால் வந்தது அழுகையன்று. அடக்க அடக்கப் பொங்கிய சிரிப்பு!

"யாழாசிரியருக்கே இத்தனை மகிழ்ச்சி என்றால் நம் வீரர்களுக்கு எப்படியிருக்கும்!" என்று சேந்தனார் தொடையைத் தட்டினார். "தேவி, இப்போதே ஆற்றைக் கடக்க ஆணையிடுங்கள். விடிவதற்குள் கோட்டை நம்முடையது."

பணிப்பெண் ஒருத்தி ஓடிவந்து அரசியின் கூந்தலில் மல்லிகைச் சரம் சூட்டப்போனாள். பூதிநங்கை அதை மெல்ல விலக்கினாள்.

"கடைசியில் அவர் அருகில் யார் இருந்தார்கள்?" என்று கேட்டாள்.

"தேவி?"

"குடிக்கத் தண்ணீராவது கொடுத்தார்களா?"

அவள் கண்களிலிருந்து நீர் பொலபொலவென்று உதிர்ந்தது. சேந்தனார் திகைத்துப் போனார்.

"உங்கள் தந்தையைக் கொன்றவருக்கா தேவி இந்தக் கண்ணீர்?"

"கொன்றவர்தான். என் தாயுடன் பிறந்தவரும்தான். இந்தச் செய்திக்காகக் கொற்றவை முன் எத்தனை விளக்கு ஏற்றியிருப்பேன்! இப்போது எது நினைவுக்கு வருகிறது தெரியுமா? மடியில் உட்கார்த்தி வைத்து எனக்குக் காது குத்தினார். வலி தாளாமல் நான் அவர் கையைக் கடித்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை, சேந்தனாரே."

அரசி கண்களைத் துடைத்துக்கொண்டாள். பிறகு விடங்கர் பக்கம் திரும்பினாள்.

"யாழாசிரியரே, நீர் சிரித்தீர். பகைவன் செத்தான் என்று சிரிக்கிறவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். நீர் திரை விலகிய வழியே ஆற்றுக்கு அப்பால் பார்த்தீர். ஏன்?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யுரைக்க வைத்த சத்தியம் மன்னரின் மூச்சோடு போய்விட்டது. வாய் மூடியிருந்தாலோ, படை இன்றே அக்கரை ஏறும். விடங்கர் எழுந்து நின்றார்.

"தேவி, நான் பாழியூர் ஒற்றன். என் மன்னர் மாண்டார் என்றதும், இனி வீட்டுக்குப் போகலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்காக வெட்கப்படுகிறேன். அந்த மதிலுக்குள் நான் முகம் காணாத என் மகள் இருக்கிறாள். என்னைக் கொல்லுங்கள், படையை மட்டும் நிறுத்துங்கள்."

"ஐந்து ஆண்டுகள் நம் உப்பைத் தின்றவன்!" சேந்தனாரின் வாள் உறையைவிட்டு வெளிவந்தது. அரசி கையை உயர்த்தினாள்.

"இழவு வீட்டுக்குள் மருமகள் வேலோடு நுழைவதில்லை. கொற்றவை மீது ஆணை! என் மாமனின் ஈமக்கடன்கள் முடியும்வரை முல்லைநாட்டு வேல் ஒன்றுகூட வெள்ளாற்றைக் கடக்காது. யாழாசிரியரே, நாளைக் காலை நான் தனியாக வாய்க்கரிசி போட வருகிறேன் என்று மாமியிடம் போய்ச் சொல்லும். அரசி வருகிறாள் என்று சொல்லாதீர். பூதி வருகிறாள் என்று சொல்லும்."

"அதன் பிறகு, தேவி?" என்றார் விடங்கர்.

"அதன் பிறகு நீர் என் கண்ணில் பட்டால் சேந்தனாரை நான் தடுக்கமாட்டேன்."

யாழை அங்கேயே வைத்துவிட்டு விடங்கர் பரிசலில் ஏறினார். நிலவொளியில் துடுப்புப் போட்டுக்கொண்டு போனபோதும் அவர் மனம் பஞ்சுபோல் இலேசாகவே இருந்தது. மகள் யாரைப்போல் இருப்பாளோ என்று எண்ணி எண்ணித் தமக்குள் சிரித்துக்கொண்டார்.

கோட்டையின் நீர்வாயிலில் அவர் பரிசலைவிட்டு இறங்கியதும் காவலன் ஈட்டியை நீட்டினான்.

"யாரது? பெயரைச் சொல்!"

"நக்கன் பொதுவன்." ஐந்து ஆண்டுகளாக நாவில் வராத தம் சொந்தப் பெயர் அவருக்கே அந்நியமாக ஒலித்தது. "வடகரையிலிருந்து மன்னருக்குச் செய்தி கொண்டு வந்திருக்கிறேன்."

காவலன் ஈட்டியைத் தாழ்த்தினான்.

"எந்த மன்னருக்கு, ஐயா?" என்று தழுதழுத்த குரலில் கேட்டான்.

பதில் சொல்ல வாயெடுத்த பொதுவன், கணுக்கால் நீரில் நின்றபடியே, இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழலானார்.