பக்கத்தில் ஆள் இருந்தால் ஓடும்

லேப் கதவைத் திறந்து விளக்கைப் போடுவதற்கு முன்பே அவள் அதைப் பார்த்துவிட்டாள். நீண்ட மேசையின் கடைசியில், அவள் கணவருடைய நாற்காலிக்கு எதிரே இருந்த சோதனை போர்டில் மட்டும் ஒரு பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. மற்ற பதினொரு போர்டுகளும் அணைந்து கிடந்தன. அணைந்து கிடப்பதுதான் நியாயம். ஆளில்லாத அறையில் இந்த போர்டுகள் எதுவும் கொஞ்ச நேரத்துக்கு மேல் ஓடியதில்லை. வியாதியே அதுதான். அதற்கு மருந்து தேடித்தான், விடுமுறை நாளில், நாத்தனாரிடம் "இதோ போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

வாசலுக்குத் திரும்பி, நேற்று கடைசியாகப் போனது யார் என்று வாட்ச்மேனிடம் கேட்டாள். மேடை சார்தான் என்றார் அவர். போனில் பேசிக்கொண்டே போனாராம், பேச்சு முடியவில்லை என்று கார் கிளம்பவும் இல்லையாம். "அதுக்கப்புறம் உள்ள யாரும் இல்லம்மா. நான்தான் பூட்டினேன்."

மேடை என்பது இயக்குநருக்கு ஆபீஸ் வைத்த பேர். லிஃப்டில் நான்கு பேர் சேர்ந்தாலே அவருக்கு அது கூட்டம். "நண்பர்களே" என்று ஆரம்பித்துவிடுவார். இங்கே உருவாகிற மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கு 'நாளைய உலகின் இதயம்' என்று விளம்பரத் தாளில் பட்டம் கொடுத்ததும் அவர்தான். நாளைய உலகின் இதயம் துணி துவைக்கும் மிஷினுக்குள் உட்கார்ந்து, தண்ணீர் போதுமா, இன்னும் கொஞ்சம் விடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும். அவள் கணவர் அதை வரைந்தார். அவள் அதைச் சோதிப்பவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான்: அவர் ஒன்று செய்வார், அவள் அதில் குற்றம் கண்டுபிடிப்பாள். வீட்டிலும் அதே ஏற்பாடு தொடர்ந்தது.

சிப்பை நிஜமாக வார்ப்பதற்கு முன் எஃப்.பி.ஜி.ஏ. என்கிற இந்த போர்டில் ஒத்திகை பார்ப்பார்கள். அந்த போர்டின் நடுவிலிருக்கும் கறுப்புச் சதுரத்துக்குச் சொந்தக் குணம் கிடையாது. எந்த மின்சுற்றை ஏற்றுகிறோமோ அதுவாகவே மாறிவிடும், புது முதலாளி வந்ததும் மானேஜர்கள் மாறுவதைப் போல. ஏற்றிய சுற்று உயிரோடு இருக்கிறது என்று காட்ட ஒரு பச்சை விளக்கு விட்டு விட்டு மினுங்கும். ஹார்ட்பீட் என்பார்கள். விளக்குக்குப் பக்கத்தில் பட்டாணி அளவில் ஒரு ரீசெட் பொத்தான். விரலால் அழுத்திப் பிடித்தால் துடிப்பு நிற்கும், விட்டால் முதலிலிருந்து தொடங்கும். அவர் யோசிக்கும்போதெல்லாம் சுண்டுவிரலால் அதை அழுத்தி அழுத்தி விடுவார். "பாவம், அதுக்கும் மூச்சு முட்டும், விடுங்க" என்பாள் அவள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு, இதே மாதிரி ஒரு விடுமுறையில், அந்தக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் கைகளை மடித்து அதில் தலையைச் சாய்த்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. காலையில் எட்டிப் பார்த்த வாட்ச்மேன், சார் அசந்து தூங்குகிறார் என்று ஏசியைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இரங்கல் கூட்டத்தில் மேடை ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டார். அன்று விடிய விடிய நடந்த சோதனையில் ஒரு போர்டு ஒரு நொடிகூட நிற்காமல் ஓடியிருந்தது. அவர் எதிரே இருந்த போர்டு. மற்ற பதினொன்று நின்றதை 'போர்டு கோளாறு' என்று ஒதுக்கிவிட்டார்கள். "அவர் மூச்சு நின்றது, அவர் படைப்பின் மூச்சு நிற்கவில்லை" என்றார் மேடை. சொல்லிவிட்டு, கைதட்டலுக்கு இடம் விட்டு, தண்ணீர் குடித்தார். எல்லாரும் திரையில் இருந்த போட்டோவைப் பார்த்து அழுதார்கள். முதல் வரிசையில் அவள் மட்டும் போட்டோவைப் பார்க்க முடியாமல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு ஒழுங்காக ஒன்று ஓடாதே என்று, அந்த அழுகைக்கு நடுவிலும், அவள் புத்தி முனகியது.

நாளைக்கு இந்த டிசைன், சிப் வார்க்கும் ஆலைக்குப் போகிறது. அவள் கையெழுத்துப் போட வேண்டும். வார்த்த பிறகு அழிக்க ரப்பர் கிடையாது. அவர் விட்டுப்போனது இது ஒன்றுதான். குழந்தை இல்லை, வீடுகூட வாடகை வீடு. அது லட்சக்கணக்கான மிஷின்களில் ஒழுங்காக ஓட வேண்டும், அல்லது லட்சக்கணக்கான மிஷின்களில் நின்று நின்று அவர் பேரைக் கெடுக்க வேண்டும்.

விளக்கைப் போட்டுவிட்டு மேசையை ஒட்டி நடந்தாள். அவள் கடக்கக் கடக்க ஒவ்வொரு போர்டாக விழித்துக்கொண்டது. ஆள் வந்தால் ஓடும், ஆள் போனால் நிற்கும். மாமியார் சமையலறைக்குள் வரும்போது மட்டும் பாத்திரம் துலக்கும் மருமகள் என்று டீமில் இதற்குப் பேர். சிரித்தார்களே தவிர யாரும் காரணம் தேடவில்லை, தேட வந்தால்தான் ஓடிவிடுகிறதே.

அவள் ஒரு போர்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். தள்ளி நின்றாள், துடிப்பு நின்றது. துடைப்பக் கட்டையை நீட்டினாள், ஒன்றுமில்லை. கையை நீட்டினாள், விளக்கு துடித்தது. கையை இழுத்தாள். நீட்டினாள். மழை பெய்யும் சத்தம் சுவருக்கு அப்பால் எங்கோ கேட்டது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் மத்தியானமா சாயங்காலமா என்று தெரியவில்லை. ஏசியின் குளிரில் சூடான பிளாஸ்டிக்கும் ஈயமும் கலந்த வாசனையோடு, யாரோ கழற்றிப் போட்ட சட்டையின் வாசனை மாதிரி ஒன்று அடியில் படிந்திருந்தது. அவள் அதைக் கவனிக்காத மாதிரி மீட்டரை எடுத்துக் கறுப்புச் சதுரத்தின் உலோகக் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

கடைசியில் அகப்பட்டது. ரீசெட் பொத்தானிலிருந்து வரும் கால். பொத்தானை அழுத்தாதபோது அந்தக் காலின் மின்னழுத்தத்தை மேலே இழுத்துப் பிடித்து வைக்க வேண்டும். எந்தக் கால் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பில் அதற்கு ஒரு வரி எழுத வேண்டும். ஒரே ஒரு வரி. அவர் எழுத மறந்திருந்தார். எதோடும் கட்டாமல் அந்தக் கால் அந்தரத்தில் தொங்கியது. பக்கத்தில் ஒரு உடம்பு வந்தால் அந்த உடம்பின் மின்சாரச் சலசலப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். உடம்பு விலகினால் மெதுவாகத் தொய்ந்து, தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டு, அப்படியே கிடக்கும்.

அவருடைய கடைசி நாளன்று அவள் வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் நாற்காலியிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "நீ பக்கத்துல இருந்தா ஓடுது. கொஞ்ச நேரம் இரேன்."

"வேற வேலை இல்லயா எனக்கு? வீட்ல அழுக்குத் துணி மலையா கிடக்கு. உங்க உலக இதயம் வந்து துவைக்குமா?"

அவர் சிரித்தார். கொஞ்சுகிறார் என்று நினைத்து, கொஞ்சம் கர்வமாகவே அவள் படியிறங்கிப் போனாள். அவர் கொஞ்சவில்லை. கோளாறைச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்த மனுஷன். சோதிக்கிறவளுக்கு ஒன்றுகூடப் புரியவில்லை.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வரைபடம் ஞாபகம் வந்தது. விடிய விடிய நிற்காமல் ஓடிய அந்த ஒரு போர்டு. அந்தக் காலுக்கு உடம்பு தெரியும். உடம்பில் உயிர் இருக்கிறதா என்று தெரியாது. மேடை கைதட்டல் வாங்கிய அந்த அழகான கோடு முழுக்க, ஒரு மனிதர் தனியாகச் செத்துக் கிடந்த நேரத்தின் நீளம்.

அழுது முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது.

அப்படியானால் இன்று அந்த போர்டு ஏன் ஓடிக்கொண்டிருந்தது?

எழுந்து எதிர்ச் சுவரோடு போய் நின்றாள். வரிசையாக எல்லாம் அணைந்தன. கடைசி மட்டும் அணையவில்லை. போர்டில் எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாள்: இடம் மாற்றினாள். கடைசி போர்டை முதலில் வைத்தாள், முதல் போர்டைக் கடைசியில் வைத்தாள். சுவருக்குப் போனாள். ஓடிக்கொண்டிருந்தது செத்தது. செத்தது ஓடியது.

போர்டு இல்லை. இடம்.

வயர்கள் எட்டும் தூரத்துக்கு எல்லா போர்டுகளையும் இழுத்து வந்தாள். முறை தவறவில்லை. நாற்காலிக்கு எதிரே மேசைமேல் நெருக்கமாகப் பரப்பினாள். சுவருக்குப் போனாள். அணையாதவற்றைப் பார்த்தாள். அணைந்தவற்றைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தினாள். மறுபடி சுவர். மறுபடி மேசை. பிறகு அறை விளக்கை அணைத்தாள்.

பச்சைப் புள்ளிகள் இருட்டில் ஒரு உருவத்தின் ஓரமாக நின்றன. இங்கே ஒரு முழங்கை. அங்கே இன்னொன்று. மடித்து வைத்த கைகள். நடுவில், இடது பக்கம் சாய்ந்த தலை. அவர் எப்போதும் இடது பக்கம்தான் சாய்வார்.

பயந்து ஓடியிருக்க வேண்டியவள் நாற்காலியை நோக்கிப் போனாள். குனிந்து, புள்ளிகளுக்கு நடுவே, மேசையில் கன்னத்தை வைத்தாள். மேசை சில்லென்று இருந்தது. அதைவிடச் சில்லென்று ஒன்று, கொஞ்ச நேரம், இருந்தது. "இருக்கேங்க" என்றாள். "பக்கத்துலதான் இருக்கேன்."

எவ்வளவு நேரமோ. போன் அடித்தபோதுதான் நிமிர்ந்தாள். நாத்தனார்.

"அண்ணி, சாப்பிடாம காத்திருக்கேன். வந்துடுங்க."

வருகிறேன் என்றாள். விளக்கைப் போட்டாள். அவருக்கு அவள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. கோப்பைத் திறந்து அந்த வரியை எழுதினாள். எழுதி முடித்து ஏற்றினால் இந்தக் கால் இனி யாரையும் உணராது. அவர் இங்கே இருக்கிறாரா இல்லையா என்று எந்த விளக்கும் சொல்லாது. கீபோர்டில் என்டரின் மேல் விரல் நின்றது. நாளைக்குக் கையெழுத்து. அவர் பேர்.

ஏற்றினாள்.

பன்னிரண்டு விளக்குகளும் ஒன்றாகத் துடித்தன. சுவருக்குப் போய் நின்றாள். ஒன்றுகூட நிற்கவில்லை. அவள் பார்த்ததிலேயே ஒழுங்கான சோதனை. இனி பொத்தானை யாராவது அழுத்திப் பிடித்தால் ஒழிய இவை நிற்காது. யாரும் யார் பக்கத்திலும் நிற்க வேண்டாம்.

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

தலைப்பக்கத்தில் இருந்த போர்டு நின்றது.

கிட்டே போய்ப் பார்த்தாள். ரீசெட் பொத்தான் உள்ளே போயிருந்தது. மேலே விரல் இல்லை. ஒரு ஓரமாகச் சரிந்து, சுண்டுவிரலால் அழுத்தினால் எப்படிச் சரியுமோ அப்படி.

நாற்காலியில் உட்கார்ந்தாள். பொத்தான் மேலே வந்தது. விளக்கு துடித்தது.

எழுந்தாள். பொத்தான் இறங்கியது.

உட்கார்ந்தாள்.

"நீங்கதானே" என்றாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது. இதைத்தானே அன்றைக்கும் கேட்டார். கொஞ்ச நேரம் இரேன். அவ்வளவுதானே கேட்டார். "நாளைக்கு வரேன். தினமும் வரேன். இப்ப அவ சாப்பிடாம இருக்கா, போகட்டுமா?"

விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். மெதுவாக எழுந்தாள். பார்க்காமல் நடந்தாள். ஐந்தாறு அடிதான் கதவுக்கு. அறை விளக்கை அணைத்தாள். கதவுக் கண்ணாடியில், முதுகுக்குப் பின்னாலிருந்து, பச்சை வெளிச்சம் மினுங்கி மினுங்கி விழுந்தது. கைப்பிடியைத் தொட்டாள்.

கண்ணாடி இருண்டது.

ஒன்று அணைந்தால் இவ்வளவு இருட்டாகாது.

விளக்கைப் போட்டுத் திரும்பினாள்.

மேசைமேல் ஒரு பச்சை விளக்குகூட இல்லை. பன்னிரண்டு பொத்தான்களும் உள்ளே போயிருந்தன. அசையாமல். பொறுமையாக. பரப்பி வைத்திருந்த இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, எல்லாம் ஒரே நேரத்தில்.

அவருக்குப் பத்து விரல்கள்தான் இருந்தன.