கொசுறு

சாப்பிட்ட பிறகும் எண் இறங்கிக்கொண்டிருந்தது.

தரகர் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், எட்டப் பிடித்துப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பியும் பார்த்தார். ரத்தினக் கல் வியாபாரத்தில் ஊறியவர். எதையும் மூன்று விதமாகப் பார்க்காமல் நம்பமாட்டார். மகளின் மேல்கையில் ஒட்டியிருந்த வில்லை, அவள் உடம்பிலுள்ள சர்க்கரையை அளந்து இந்தத் திரைக்கு அனுப்புகிறது. இத்தனை வருஷமாக ஒரு வாய் உள்ளே போனால் போதும், விலைவாசி மாதிரி எகிறும். இன்றைக்கு ஒரு தட்டு நிறையச் சாப்பாடும் அதன் தலையில் ஒரு வாழைப்பழமும் போன பிறகு, முட்டிவலிக்காரர் மாடிப்படி இறங்குவதுபோல, நின்று நின்று இறங்கிக்கொண்டிருந்தது.

"சிட்டு, பழத்தைத் தின்னியா, இல்ல ஜன்னல் வழியா வீசிட்டியா?"

"தின்னுட்டேன்ப்பா. வேணும்னா வயித்தைக் கேளுங்க." ஆறாம் வகுப்புக்காரி கட்டிலில் படுத்தபடியே கொட்டாவி விட்டாள். "இன்னும் பசிக்குது. எனக்கில்ல. அதுக்கு."

"எதுக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அந்த ஃபோனைப் பாக்காம பிள்ளையைப் பாருங்க! கட்டிக்கிட்ட நாள்லேருந்து என் மூஞ்சியை ஒரு நாளாவது இப்படி உத்துப் பாத்திருப்பீங்களா?"

வழக்கமாக இதற்கொரு பதில் வைத்திருப்பார். இன்று திரையையே மறுபடி பார்த்தார். காலையில் பிடித்த மழை விட்டபாடில்லை. மதியம்தான், ஆனால் மின்சாரம் போய், விசிறி நின்று, அறைக்குள் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் ஒரு வெளிச்சம் தேங்கிக் கிடந்தது. மழைநீர்க் குழாய்க்குள் தண்ணீர் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இறங்கியது. இந்த அறையில் எப்போதும் ஊசிமருந்தின் வாசனை இருக்கும், புதுப் பிளாஸ்திரியைப் பிரித்தாற்போல. சிகிச்சைக்குப் பிறகு அது போய்விட்டது. போனதில் அவருக்குக் கொள்ளைச் சந்தோஷம். இப்போது அந்த இடத்தில் வேறொரு வாசனை குடிவந்திருந்தது. பாலும் வியர்வையும் கலந்த, இளஞ்சூடான வாசனை. எங்கேயோ முகர்ந்தது. எங்கே என்று பிடிபட்டபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிட்டு பிறந்த அன்று அவள் உச்சந்தலையில் அடித்த வாசனை.

அவருடைய தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையைக் கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். அப்புறம் விரல்கள்தான் பேசும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. கட்டைவிரலை அழுத்தினால் சம்மதம். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால், இருப்பது மொத்தமும் வேண்டும். உள்ளங்கையில் நகத்தால் சுரண்டினால், மேலே கொசுறு போடு. நடுவில் கையை உருவினால் பேரம் முறிந்தது, சரக்கு வந்த வழியே போய்விடும். பிறவியிலேயே வளைந்த அவருடைய சுண்டுவிரலைத் துண்டுக்கு அடியிலும் அடையாளம் கண்டு, "அடடா, அண்ணனா! இன்னிக்கு என் கோவணமும் போச்சு" என்று அலறுகிற வியாபாரிகள் உண்டு.

இந்தப் பாஷையை மகளுக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் துண்டைப் போட்டு ஒரு பேரம் நடக்கும். தொடையா, கையா, ஊசிக்கு ஈடாக எத்தனை கதை. சிட்டு கடைசியில் உள்ளங்கையைச் சுரண்டாமல் விடமாட்டாள். அப்பன் பிள்ளை.

அதே புத்திதான் அவரை ஆய்வுக்கூடத்திலும் பேசவைத்தது. டாக்டரம்மா நிதானமாகத்தான் விளக்கினார். "உங்க ரத்தத்துலேருந்து செல் எடுத்து, கருவுல இருந்த மாதிரி பச்சைச் செல்லா திருப்புவோம். அதுக்கு இன்சுலின் சுரக்கக் கத்துக்கொடுத்து, பாப்பாவோட வயித்துத் தோலுக்கு அடியில வைப்போம். கத்துக்காம, இன்னும் என்னவா வேணா ஆகலாம்னு நிக்கிறதைப் பொறுக்கி எறிஞ்சிடுவோம்."

"என்னவா வேணா ஆகலாம்னா அதுதானேம்மா முதல் தரம்? அதையா எறிவீங்க?"

டாக்டரம்மா சிரித்தார். ஆனால் சிகிச்சை நாளன்று பொறுக்கி எடுத்த பிறகு தேறியது போதவில்லை. தள்ளிவைக்கலாம் என்றார்கள். தள்ளிவைப்பதா? சர்க்கரை ஏறி நினைவு தப்பி, வாயோரம் நுரையோடு சிட்டுவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். இன்னொரு தடவை அப்படி ஆனால் திரும்ப மாட்டாள் என்று காதால் கேட்டவர். நடைபாதையில் அத்தனை பேர் பார்க்க டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுக்கிப் போட்டதுலேருந்து கொசுறா ஒரு கிள்ளு சேர்த்துடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இது காய்கறிக் கடை இல்ல, சார்."

சொன்ன வாய் உறுதியாகத்தான் இருந்தது. கண் தடுமாறியது. விற்பவர் கண் தடுமாறுவது தரகருக்குத் தெரியாதா? விடவில்லை. அழுதார், கெஞ்சினார், காலில் விழப்போனார். கடைசியில் அந்த அம்மா சரி என்று தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனார். அன்று வீடு திரும்பும்போது, வாழ்க்கையிலேயே நல்ல பேரம் இதுதான் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

கைபேசி அலறியது. எண் சிவப்பாகியிருந்தது.

பழச்சாறு கொடுத்தார். குடித்தாள். இறங்கியது. குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் கொடுத்தார். குடித்தாள். இறங்கியது. அவள் நெற்றி சில்லிட்டு ஈரமாக இருந்தது, பேச்சு குழறியது. சட்டையை விலக்கினார். தொப்புளுக்குப் பக்கத்தில், நேற்று ஒரு நெல்லிக்காய் அளவுக்கு இருந்த இடம், இன்று அவருடைய மூடிய கை அளவுக்கு எழும்பியிருந்தது.

மனைவி ஓடிவந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கூப்பிட்டதும் டாக்டரம்மா உடனே ஃபோனை எடுத்துவிட்டார்.

"வீங்கியிருக்கா?" தரகர் அளவைச் சொன்னார். "அதுமேல கை வைக்காதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க."

"ஏம்மா? என்னம்மா அது?"

"சார், அன்னிக்கு கொசுறு கேட்டீங்களே..." குரல் உடைந்தது. "நான் குடுத்திருக்கக் கூடாது. என்னவா வேணா ஆகலாம்னு சொன்னேனே சார், சொன்னேனே."

இணைப்பு அறுந்தது.

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அவர் சட்டையைத் தேட, மனைவி குடையைக்கூட எடுக்காமல் வாசலில் நின்றாள். "நீங்க போனா வண்டிக்காரன்கிட்டயும் பேரம் பேசிட்டு நிப்பீங்க. பிள்ளைகிட்ட இருங்க." அவள் குரலில் கேலி இல்லை. படி இறங்கும் சத்தம். பிறகு மழை மட்டும்.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். சிட்டுவின் உதட்டில் ஸ்பூனால் சர்க்கரைத் தண்ணீர் விட்டார். பாதி வழிந்தது. கைபேசி அலறிக்கொண்டே இருந்தது. அந்த வீக்கம், அவள் மூச்சு விடுகிற தாளத்தில் ஏறி இறங்கவில்லை. அதற்கென்று வேறொரு தாளம் இருந்தது. தோல் ஓரிடத்தில் கூர்மையாக எழும்பி, அடங்கி, பக்கத்தில் எழும்பியது. துணி மூட்டைக்குள் எதையோ தேடுவதுபோல.

பார்க்க முடியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டார்.

போட்டதுதான் தப்பு. துண்டு விழுந்தால் கை அடியில் போகும். காலமெல்லாம் பழகிய கை. டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வருவதற்குள் போய்விட்டது.

சூடு. அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரிச் சூடு. மெல்லிய, இழுபட்ட தோல். அதன் அடியில் ஏதோ நகர்ந்து, அவர் விரல்களைத் தடவி, ஒவ்வொன்றாக எண்ணுவதுபோலத் தடவி, கோத்துக்கொண்டது.

"சிட்டு," என்றார். "விளையாடாதம்மா."

சிட்டுவின் ஒரு கை கன்னத்துக்கு அடியில் இருந்தது. மற்றொன்று கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

உருவப் பார்த்தார். லேசாக. லேசாகத்தான். கைபேசி ஊளையிட்டது, மகளின் உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. பேரம் முறிந்தால் சரக்கு வந்த வழியே போய்விடும். கையை அப்படியே வைத்துக்கொண்டார்.

துண்டுக்கு அடியில் ஒருநாளும் வாய் திறந்தறியாதவர் வாய் திறந்தார்.

"என்னை எடுத்துக்க. என் செல்தானே நீ? என்னையே எடுத்துக்க. பிள்ளையை விட்டுடு."

அது யோசித்தது. யோசிப்பது தெரிந்தது. எதிராளி யோசிக்கும்போது விரல் எப்படித் தளரும் என்று அவருக்குத் தெரியும். பிறகு ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது.

மொத்தமும்.

பிடித்த கையின் சுண்டுவிரல் வளைந்திருந்தது. பிறவியிலேயே வளைந்தது போல.

அவர் கண்ணை மூடிக் கட்டைவிரலை அழுத்தினார்.

அலறல் நின்றது. திரையில் எண் ஒரு படி ஏறியது. இன்னொரு படி. சிட்டுவின் உதட்டுக்கு நிறம் வந்தது, மூச்சு சீரானது. கீழே தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம். "வண்டி கிடைச்சிடுச்சு! பிள்ளையைத் தூக்கிட்டு வாங்க!" மனைவியின் குரல். அவர் விம்மினார். முடிந்தது. பேரம் முடிந்தது. தன் கையை விடச்சொல்லி மெதுவாக அசைத்தார்.

விடவில்லை.

துண்டு நடுவில் சற்றே உயர்ந்தது. அவருடைய உள்ளங்கையில், ஒரு தோலுக்கு அப்பாலிருந்து, புதிதாக முளைத்த ஒரு சின்ன நகம், சுரண்டியது.

நின்றது. காத்திருந்தது.

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார்.

மறுபடி சுரண்டியது.