மண்ணுக்குள் ஒரு கிணறு

மறுநாள் பள்ளி திறப்பு. அதனால் அப்பா, என் தம்பி ஃபாதிக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். ஃபாதி கத்தரிக்கோலைக் கண்டாலே நெளிவான்.

"ஆடாதடா, காது போயிடும்."

"போனா என்னப்பா? இன்னொண்ணு இருக்கே!"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு ஃபாதி நழுவி ஓடினான்.

"சரி போ. மீதி காலையில," என்றார் அப்பா.

விடிவதற்குள் பூமி குலுங்கியது. எங்கள் தெரு விழுந்தது. எங்கள் பழமையான ஊர் அந்தாக்யாவில் பாதிக்கு மேல் விழுந்தது. அப்பா எங்களை வெளியே தள்ளினார். அவர் வரவில்லை.

ஃபாதியின் மீதி முடியைப் பக்கத்து வீட்டு காசெல் அக்காதான் கூடாரத்தில் உட்கார வைத்து வெட்டிவிட்டார்.

கோடை வந்தபோது நாங்கள் கன்டெய்னர் வீட்டில் இருந்தோம். எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. ஒரு நாள் அம்மா, "நம்ம வீடு இருந்த இடத்தைப் பாத்துட்டு வரலாம், வெர்தா," என்றார். காசெல் அக்காவும் கூட வந்தார்.

அங்கே எதுவும் இல்லை. இடிந்ததையெல்லாம் லாரிகள் அள்ளிப் போயிருந்தன. மலையடிவாரம் வரை வெறும் மண். தெரு எது, வீடு எது, ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் அதில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஃபாதியும் ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டான்.

அம்மா ஓரிடத்தில் நின்றார். "இதுதான் என் வாசல்."

"நல்லா பாரு நஜ்லா! நீ நிக்கிறது என் அடுப்படியில," என்றார் காசெல் அக்கா.

"உங்க அடுப்படி என்னிக்கு உங்க வீட்டுக்குள்ள இருந்துச்சு? பாதி தெருவுல தானே இருந்துச்சு?"

"அந்த அடுப்புல வெந்த மிளகாய் ரொட்டிய முதல்ல தின்னது யாராம்?"

ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சண்டை போட்டார்கள். கேட்க நன்றாக இருந்தது.

அப்போது ஃபாதி வியர்வையோடு ஓடி வந்தான். "அக்கா, தாகமா இருக்கு."

"போய் பானையில கிணத்துத் தண்ணி..." என்று பழக்கத்தில் சொல்ல வாயெடுத்தேன். பாதியில் நின்றுவிட்டேன். அதற்குள் ஃபாதி மறுபடியும் பந்தின் பின்னால் ஓடிவிட்டான்.

கிணறு!

எங்கள் முற்றத்தில் ஆழமான கிணறு ஒன்று இருந்தது. ஃபாதி தவழத் தொடங்கியதும், சுவரைப் பிடித்து ஏறிவிடுவான் என்று அப்பா அதன் சுற்றுச்சுவரை எடுத்துவிட்டு, பலகை போட்டு மூடி, மேலே பூந்தொட்டிகளை அடுக்கி வைத்தார். வேண்டும்போது அவர் மட்டும் தொட்டிகளை நகர்த்தி நீர் இறைப்பார்.

"அம்மா, நம்ம கிணறு என்ன ஆச்சு?"

அம்மாவின் முகம் மாறியது. "பொக்லைன்காரர் மூடியிருப்பாரு... மூடாமலா இருப்பாரு?"

பொக்லைன் ஓட்டும் துர்சுன் மாமா, வண்டி நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அவர் வடக்கே கருங்கடல் பக்கத்துக்காரர். நான் ஓடிப் போய்க் கேட்டேன்.

"கிணறா? எங்க ஊர்ல தோண்டினா தண்ணி வரும். உங்க ஊர்ல தோண்டினா பழைய ராஜா எந்திரிச்சு வராரு! கிணறு எதுவும் என் கண்ணுல படலையே, பாப்பா."

"நீங்க மூடலையா, மாமா?"

"பாத்தாத்தானே மூடறதுக்கு?" என்றவர் மெல்லுவதை நிறுத்தினார். "அப்படின்னா..."

அப்படியென்றால் அது அங்கேதான் இருந்தது. மேலே கொஞ்சம் மண். கீழே பழைய பலகை. அதன் மேல் பிள்ளைகள் குதித்து விளையாடுகிறார்கள்.

ஓடிப் போய்த் தடுக்கலாம் என்றால், எந்த இடத்தில் கால் வைப்பது? நாங்கள் வந்த லாரித் தடத்திலேயே நின்று கத்தினேன். "ஃபாதி! பந்த என்கிட்ட உதை! ஒரே உதையில வருதா பாக்கலாம்!"

வந்தது. பந்தைப் பிடித்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"ஏய், பந்தக் குடு!"

"பூசணிக்கா! எந்திரி!"

"லாரித் தடத்து மேலயே நடந்து வந்து வாங்கிக்கோங்க. வேற எங்க கால் வெச்சாலும் பந்து கிடையாது," என்றேன். அவர்கள் திட்டிக்கொண்டே வரிசையாகத் தடத்தில் வந்தார்கள். கடைசிப் பையன் வந்து சேர்ந்த பிறகுதான் பந்தை விட்டு எழுந்தேன்.

"கெட்டிக்காரி," என்றார் துர்சுன் மாமா. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. "மத்தியானம் மண்ணை அமுக்க ரோலர் வருது. நான் நிறுத்திடறேன். ஆனா நாளைக்கு? இந்தப் பொட்டல் முழுக்க வேலி போட முடியுமா? இடம் தெரியணும், பாப்பா."

அம்மா ஒரு பக்கம் கை காட்டினார். காசெல் அக்கா இன்னொரு பக்கம் காட்டினார். இப்போது யாரும் சண்டை போடவில்லை. "அவருக்குத்தான் தெரியும்," என்று அம்மா மெதுவாகச் சொன்னார். அவர் என்றது அப்பாவை.

அந்த நேரம் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் லாரி மேட்டில் வந்து நின்றது. அதன் குழாயிலிருந்து ஒழுகிய நீர் மண்ணில் இறங்கி, ஒரு கோடாக நகர்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்ப் பழைய தெருக்களின் நடுவே கல் வாய்க்கால் உண்டு. மழைநீர் அதில் இறங்கி அசி ஆற்றுக்குப் போகும். வீடுகளை அள்ளினார்கள், சரி. தெருவை யாரும் தோண்டவில்லையே!

"மாமா, அந்த லாரித் தண்ணி மொத்தத்தையும் மேட்டுலேர்ந்து திறந்துவிடச் சொல்லுங்க!"

"எதுக்கு?"

"வீடு எங்க இருந்துச்சுன்னு நமக்கு மறந்திடுச்சு. தெரு எங்க இருந்துச்சுன்னு தண்ணிக்குத் தெரியும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு லாரிக்காரரைப் பார்த்துக் கையசைத்தார்.

தண்ணீர் பரவியது. முதலில் எங்கும் சேறுதான். பிறகு நடுவில் மட்டும் நீர் வேகம் பிடித்து மண்ணை அரித்தது. கறுப்புக் கல் தெரிந்தது. இரண்டு பக்கமும் தளக்கல் தெரிந்தது. எங்கள் தெரு, கீழிருந்து மெல்ல எழுந்து வந்தது.

"ஐயோ, என் தெரு," என்றார் காசெல் அக்கா.

ஓரிடத்தில் வாய்க்கால் வளைந்தது. அங்கே அடியில் உடைக்க முடியாத பழைய மதில் ஒன்று இருந்ததாம். அதைச் சுற்றித்தான் எல்லாக் காலத்தவரும் தெரு போட்டார்கள் என்று அப்பா சொல்வார். வளைவை ஒட்டி எங்கள் வாசற்கல் கிடந்தது. துர்சுன் மாமா கடப்பாரையால் தட்டிப் பார்த்த பிறகே என்னை அதன் மேல் ஏற்றினார்.

"இங்கிருந்து சொல்லு. நான் குத்திப் பாத்துக்கிட்டே போறேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முற்றம் வந்தது.

"நேரா போங்க. இங்கதான் அம்மா 'சேத்துக் காலோட வராதே'ன்னு கத்துவாங்க. இன்னும் போங்க. இங்க நாரத்தை மரம். கிளைல தலை இடிக்கும், குனியணும்."

கண்ணைத் திறந்தால், அவ்வளவு பெரிய உருவம் வெட்டவெளியில் குனிந்துகொண்டிருந்தது. ஃபாதி களுக்கென்று சிரித்தான்.

"இப்ப இடது பக்கம்."

கடப்பாரை மண்ணில் இறங்கியது. தொப். மறுபடியும், தொப். பிறகு, டொம்!

துர்சுன் மாமா பின்னால் துள்ளினார்.

பிறகு வண்டியில் ஏறி, பொக்லைன் கையை மட்டும் நீட்டிப் பலகையைத் தூக்கினார். பாதி உளுத்துப் போயிருந்தது. அம்மா ஃபாதியின் கையை இறுக்கிப் பிடித்தார். அவன் "வலிக்குதும்மா" என்ற பிறகும் விடவில்லை.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மாமா டார்ச்சோடு குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். "மேல சிமென்ட். அதுக்குக் கீழ செங்கல். அதுக்கும் கீழ... அடேயப்பா! கல்லு ஒவ்வொண்ணும் ஒரு மாடு கணக்கா இருக்கு. எத்தனை பேரு கட்டின கிணறு இது!"

"இடிஞ்சிருக்கா, மாமா?"

"மேல ஒரு கீறல் இருக்கு. அவ்வளவுதான்."

அவர் ஒரு தகர டப்பாவைக் கயிற்றில் கட்டி இறக்கினார். கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மேலே வந்த டப்பாவில் ஃபாதி வாய் வைக்கப் போனான்.

"குடிக்காதே! சோதனை பண்ணாம குடிக்கக் கூடாது," என்று அம்மா பிடுங்கினார். பிறகு தன் விரல்களை அதற்குள் விட்டார். எடுக்கவே இல்லை.

இப்போது கிணற்றின் மேல் கனமான இரும்பு மூடி இருக்கிறது. ஊர் திரும்ப எழுந்துகொண்டிருக்கிறது. ஆகஸ்ட் வெயிலில் இறைத்தாலும் அந்தத் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கிறது.