வாசல்வரை எட்டும் அலை

காப்பியைப் பாதி குடித்திருந்தபோது தணிகாசலத்தின் கண்ணெதிரே கூடம் மங்கி மறைந்தது. அவர் பதறவில்லை. டம்ளரை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, "தமயந்தி, ரூட்டர் மறுபடி நின்னுடுச்சும்மா" என்று குரல் கொடுத்தார்.

மகள் வந்து ரூட்டரை அணைத்துப் போட்டாள். வழக்கமாகச் சற்று நேரத்தில் சுவரும் ஜன்னலும் திரும்பிவிடும். அன்று வரவில்லை.

அவருடைய கண்கள் இரண்டும் அலைவிழிகள். சர்க்கரை நோய் விழித்திரையைத் தின்ற பிறகு பொருத்தப்பட்டவை. விழி ஒளியை வாங்கி அனுப்பும். அதைக் காட்சியாக்கி மூளைக்குத் திருப்பித் தருவது வீட்டிலிருக்கும் ரூட்டரின் வேலை. அதைத் தலைக்குள்ளேயே செய்தால் சூடு தாங்காது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். தெருவில் நகராட்சியின் அலை உண்டு. அடுக்குமாடி நடைவழியில் சொந்த வீட்டு அலை எட்டும் தூரம்வரைதான் வெளிச்சம்.

அன்றைக்கே தமயந்தி கடைக்குப் போனாள்.

"அலைவிழி இருக்கற வீட்டுக்கு மெஷ்தாங்க சரி" என்றார் கடைக்காரர். "அலையைக் கடத்தற சின்னப் பெட்டி, கணுன்னு சொல்லுவோம், ரூமுக்கு ஒண்ணு வெச்சு, வாசல்ல ஒண்ணு மாட்டிடலாம். அப்பா லிஃப்ட் வரைக்கும் தாராளமா போய்ட்டு வருவாரு."

"லிஃப்ட் வரைக்கும் வேண்டாம்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாம சொல்ற எடத்துல நிக்கற மாதிரி ஏதாவது இருக்கா?"

இருந்தது. சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்காக வந்த ரூட்டர். வீட்டின் வரைபடத்தில் விரலால் கோடு இழுத்தால், குறிப்பிட்ட ஆளுக்கு மட்டும் அலை அங்கே முடிந்துவிடும்.

"பெரியவங்களுக்கு யாரும் போடறதில்லீங்க."

"கீழ விழுந்துடுவாரோன்னு பயமா இருக்கு" என்றாள் தமயந்தி.

வயதான அலைவிழிக்காரர் ஒவ்வொருவருக்கும் சட்டப்படி ஒரு பொறுப்பாளர் உண்டு. தணிகாசலத்துக்கு அவள்தான். அதனால் கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அவளுடைய பயம் எதிர்வீட்டில் இருந்தது. மெகருன்னிசா, அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். பழைய ரூட்டரின் அலை அவருடைய கூடம் வரைக்கும் எட்டியது. அங்கே மாலைதோறும் தணிகாசலம் அவரோடு கேரம் ஆடினார். ஒருநாள் நடைவழியில் நின்று தமயந்தி அப்பாவின் சிரிப்பைக் கேட்டாள். அம்மா உயிரோடு இருந்த காலத்தில்கூட அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. அவள் ஏறினால் லிஃப்டில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாமியார் போனில், "உங்கப்பாவுக்கு எப்ப நிக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

புதிய ரூட்டரில் காட்சி துல்லியமாக இருந்தது. தணிகாசலம் செய்தித்தாளின் பொடி எழுத்தையெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டினார். மாலையில் தலைசீவிக்கொண்டு கிளம்பி வாசற்படியைத் தாண்டியதும் எல்லாம் இருண்டது. காலைப் பின்னுக்கு இழுத்தார், வெளிச்சம் வந்தது. மறுபடி நீட்டினார், இருட்டு.

"வாசலுக்கு வெளிய எட்டலியேம்மா. இன்னொரு கணு வெச்சா என்ன?"

"சுவரு கனம்ப்பா. இதுக்கு மேல வராதுன்னுட்டாங்க."

மெகருன்னிசாவே கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். தன் பெண்ணுக்குப் பரீட்சை, சத்தம் ஆகாது என்று தமயந்தி வாசலிலேயே சொல்லி அனுப்பினாள். அதன் பிறகு தணிகாசலம் மாலை நேரங்களில் படிக்கு உள்ளே நாற்காலி போட்டு, எதிர்க்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாலை தமயந்தி வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. மெகருன்னிசா வந்து கையை நீட்டினார். "என் வீட்ல மெஷ் இருக்குங்க. நடுவுல கொஞ்ச தூரந்தான் இருட்டு. கையைப் பிடிங்க."

பிடித்துக்கொண்டு கடந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். காதுக்குள் விழியின் பதிவுக்குரல், புதிய அலையில் சேரப் பொறுப்பாளரின் ஒப்புதல் கேட்கப்படுவதாகச் சொன்னது. காத்திருந்தார்.

"பொறுப்பாளர் மறுத்துவிட்டார்."

மறுபடி கேட்கச் சொன்னார். மறுபடியும் அதே குரல்.

"சுவரு இல்லீங்க" என்றார் தணிகாசலம். "எம் பொண்ணு."

மெகருன்னிசா கேரம் போர்டை அவர் முன்னால் இழுத்து வைத்தார். பிறகு, "பரவால்ல. காய் எங்க இருக்குன்னு நான் சொல்றேன், நீங்க அடிங்க" என்று அவர் விரலை ஸ்ட்ரைக்கரின் மேல் வைத்தார். தணிகாசலம் அடித்தார். ஸ்ட்ரைக்கர் தரையில் விழுந்து உருண்டது.

சற்று நேரத்தில் தமயந்தி வந்து நின்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. "வாங்கப்பா, போலாம்."

"நீதான் தடுத்தியா?"

"ஆமா. இங்கேயே இருக்கணும்னா இருங்க, இழுத்துட்டுப் போக மாட்டேன். ஆனா நம்ம வீட்லயும் நிறுத்திடுவேன். எங்க போனாலும் கண்ணு தெரியாது."

"நான் உன் அப்பன்டி."

"அதனாலதான் இத்தனை நாள் பொறுத்தேன்." அவளுடைய செருப்புச் சத்தம் விலகிப் போனது.

"புகார் கொடுக்கலாங்க" என்றார் மெகருன்னிசா. "பொறுப்பாளர மாத்தலாம். என் பேரைப் போடுங்க, நான் பார்த்துக்கறேன்."

"எவ்வளவு நாளாகும்?"

"சில மாசம் ஆகும். அதுவரைக்கும் நான் கூடவே இருக்கேன்."

அவர் தண்ணீருக்குக் கையை நீட்டினார். செம்பு சாய்ந்து வேட்டியெல்லாம் நனைந்தது. எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தார். மெகருன்னிசா துண்டால் ஒற்றினார்.

"என்னைக் கொண்டுபோய் விட்டுடுங்க" என்றார் தணிகாசலம்.

மெகருன்னிசா அவரை எழுப்பிவிட்டார். வந்தபோது பிடித்ததைவிட இறுக்கமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு தணிகாசலம் நடந்தார். படியைத் தாண்டியதும் கூடம் பளிச்சென்று வந்தது. நடுவில் தமயந்தி கைகட்டி நின்று, கோத்திருந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் தன் கையை உதறி விடுவித்துக்கொண்டார்.

"நான் வரலேன்னுதாம்மா சொன்னேன்" என்றார். "அவங்கதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்ட்டாங்க."

மெகருன்னிசா படிக்கு வெளியே, அவரால் பார்க்க முடிகிற தூரத்தில்தான் நின்றிருந்தார். தணிகாசலம் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, கதவைத் தேடிப் பிடித்துச் சாத்தினார்.