யோசிக்காமல் ஆடிய பழையவன்

அண்ணன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்டான்.

"பதினெட்டாவது ஆட்டம் யாருக்கு?"

கணினி முன் உட்கார்ந்திருந்த தங்கைக்குச் சொல்லவே மனம் வரவில்லை. அவளுக்குப் பத்து வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் சுண்டெலி.

"பழையவனுக்கு..." என்றாள்.

கல்லூரியில் படிக்கும் அண்ணன், தானாகவே சதுரங்கம் ஆடும் ஒரு கணினி நிரலை எழுதியிருந்தான். போன வருடம் எழுதியது பழையவன். அதையே எட்டு மாதம் திருத்தி எழுதியது புதியவன். இரண்டையும் மோதவிட்டால் புதியவன்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் பதினெட்டில் பதினான்கு ஆட்டம் தோற்றுவிட்டான்.

"எட்டு மாசம், சுண்டெலி! திருத்தத் திருத்த மக்காப் போயிட்டான்."

"அவனை மக்குன்னு சொல்லாதேண்ணா."

"வேற என்ன சொல்றது? போட்டிக்கு அனுப்ப இன்னிக்குத்தான் கடைசி நாள். நான் அனுப்பல. எல்லாத்தையும் அழிச்சிடப் போறேன்."

அம்மா எட்டிப் பார்த்தாள். "சாப்பிட வாடா."

"பசிக்கலம்மா. உனக்கு இதெல்லாம் புரியாது."

"சதுரங்கம் புரியாதுதான். வயிறுன்னா என்னன்னு புரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா போனாள்.

சுண்டெலி கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்தொன்பதாவது ஆட்டத்தைத் தொடங்கினாள். ஒவ்வொரு நகர்த்தலையும், அதற்கு ஆன நொடிகளையும் நோட்டில் எழுதுவது அவள் வேலை. புதியவன் ஒன்பது நொடி. பழையவன் பூஜ்யம். புதியவன் எட்டு நொடி. பழையவன் மறுபடியும் பூஜ்யம்.

அவள் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். எல்லா ஆட்டத்திலும் அப்படியேதான் இருந்தது.

"அண்ணா, முதல் பத்து நகர்த்தலுக்குப் பழையவன் யோசிக்கறதே இல்லையே?"

"அவன் தொடக்கப் புத்தகத்தைப் பார்த்து ஆடுவான். பெரிய ஆட்டக்காரங்க எப்படி ஆரம்பிச்சாங்கன்னு ஒரு கோப்பு எழுதி வச்சிருக்கேன்."

"புதியவன்கிட்ட அது இருக்கா?"

கட்டில் கிரீச்சென்றது. அண்ணன் எழுந்து வந்து புதியவனின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

"புதியவனை எழுதறப்ப எல்லாக் கோப்பையும் புது இடத்துக்கு மாத்தினேன். புத்தகத்தை மட்டும் மறந்துட்டேன்!"

"பரீட்சையில ஒருத்தன் புத்தகத்தைத் திறந்து வச்சு எழுதியிருக்கான். நம்மாளு வெறுங்கையோட போயிருக்கான். பாவம்ணா!"

"இப்பவே இவனுக்கும் குடுத்துடறேன்."

"வேண்டாம். ரெண்டு பேரும் பார்த்து எழுதினா யாரு கெட்டிக்காரன்னு எப்படித் தெரியும்? ரெண்டு பேருக்கும் மூடிடு."

"மூடினா திரும்பத் திரும்ப ஒரே ஆட்டத்தையே ஆடுவாங்களே."

சுண்டெலி பென்சிலைக் கடித்தாள். "தொடக்கத்தை நாமளே குடுப்போம். பத்துத் தொடக்கம். ஒவ்வொண்ணையும் வெள்ளை, கறுப்புன்னு பக்கம் மாத்தி ரெண்டு தடவை ஆடட்டும். பந்து விளையாடறப்ப வெயில் கண்ணுல படற பக்கம் எப்பவும் ஒரே ஆளேவா நிக்கறாங்க? மாத்திக்கறோமில்ல?"

அண்ணன் அவளையே பார்த்தான். அவன் முகம் மறுபடி வாடியது. "அப்பவும் தோத்தா?"

"அப்ப நிஜமாவே தோத்தான். நீ அழிச்சுக்கோ. நான் அழமாட்டேன்" என்றாள். குரல் இப்போதே நடுங்கியது.

ஆட்ட நேரத்தைக் குறைத்து ஓடவிட்டார்கள். முதல் மூன்றும் பழையவனுக்கே. அண்ணன் முகத்தை மூடிக்கொண்டான். நான்காவது புதியவனுக்கு. ஐந்தாவதும். சுண்டெலி மூச்சுக்கூட விடாமல் கோடு போட்டாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் இருபதாவது ஆட்டம் முடிந்தது. அவள் இரண்டு முறை எண்ணினாள்.

"புதியவன் பதினொண்ணு. பழையவன் ஒன்பது."

"ரெண்டே ரெண்டுதான் அதிகம்" என்றான் அண்ணன். "இது போதாது. இன்னும் நூறு ஆட்டமாவது ஆடினாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

"அப்ப... அழிச்சிடுவியா?"

அண்ணன் போட்டிக்கான பக்கத்தைத் திறந்து, புதியவனை அனுப்பிவைத்தான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"அம்மா, சாப்பிட என்ன இருக்கு?"